மராமத்துச் செலவு

எங்கள் ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் 'மாஸ்டர் செக்-அப்' செய்கிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். போனதும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, கண்ணைப் பார்க்காமல் ஒரு திசையைக் காட்டுவார்கள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

டப்பாவை மூடி, பெயர் எழுதி, ஏற்கெனவே இருபது டப்பாக்கள் வரிசைகட்டி நின்ற தட்டில் என்னுடையதையும் வைத்துவிட்டு வந்தேன். ரத்தம் எடுத்து முடித்ததும் நேராகப் பக்கத்து ஹோட்டல். இரண்டு இட்லி, ஒரு வடை. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை உண்டு. வடை கூடாதுதான். ஆனால், ரத்தம் கொடுத்த அன்றைக்குத் தோஷமில்லை என்று நானாக ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. பி.காம். படித்தவன் ரிப்போர்ட் படிக்கிற முறையே தனி. முதலில் கடைசிப் பக்கம். பிறகு, தடித்த எழுத்தில் இருப்பவை மட்டும். யூரியா நார்மல். கிரியேட்டினின் 1.0, நார்மல். 'அப்பாடா' என்று மூடப் போனபோது ஒரே ஒரு வரி மட்டும் தடித்து நின்றது. சிறுநீரில் ஆல்புமின்: 140. பக்கத்தில், '30-க்குள் இருக்க வேண்டும்' என்று இருந்தது.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர்.

"எத்தனை நாளா சார் யூரின்ல நுரை வருது?"

"வருது டாக்டர். ஆபீஸ் டாய்லெட்ல ஏதோ லோஷன் ஊத்தறாங்க, அதான்னு நினைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "வீட்ல யாருக்காவது கிட்னி பிரச்னை இருந்திருக்கா?"

பதில் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சித்தப்பாவுக்கு" என்றேன்.

*

சித்தப்பாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் மளிகைக் கடை. வத்தல், மல்லி, புளி என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். கோடை லீவு முழுக்க அந்தக் கடையில்தான் இருப்பேன். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் எனக்கு அங்கேதான் அறிமுகம். பிற்பாடு காலேஜில் ஒருத்தர் கோட் போட்டுக்கொண்டு இரட்டைப் பதிவு முறை நடத்தியபோது, 'இதை நாம எட்டாங்கிளாஸ்லயே பார்த்தாச்சே' என்றிருந்தது.

சித்தப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். "கடன் சொல்றவன் சிரிச்சிக்கிட்டேதான் வருவான். கணக்கு முடிக்கிற அன்னிக்குத்தான் அவன் மூஞ்சி தெரியும்."

அவருக்கு 1988-ல் சர்க்கரை என்று சொன்னார்கள். அவர் அதை ஒரு சுமாரான வாடிக்கையாளர் மாதிரிதான் நடத்தினார். நாக்கு வறண்டால் டெஸ்ட். டெஸ்டில் கூடினால் ஒரு வாரம் கோதுமைக் கஞ்சி. முட்டி வலித்தால் எதிர் மெடிக்கலில் அட்டை அட்டையாக வலி மாத்திரை. பதினைந்து வருடம் இப்படியே போயிற்று.

2003-ல் காலில் செருப்பு நுழையவில்லை. வீக்கம். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கிரியேட்டினின் 7.8. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து பத்து சதவிகிதம்கூட வேலை செய்யவில்லை என்றார்கள்.

"திடீர்னு எப்படி டாக்டர்?" என்று கேட்டார் சித்தப்பா.

"திடீர்னு இல்லைங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வாரம் இரண்டு டயாலிசிஸ். ஒரு தடவைக்கு ஆயிரத்துச் சொச்சம். ஊசி மருந்து தனி. ஒருநாள் பேரேட்டைப் புரட்டினால், அந்தச் செலவையெல்லாம் 'மராமத்து' என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மருத்துவச் செலவுன்னு எழுதினா உங்க சித்தி கூட்டிப் பார்த்து அழுவா. மராமத்துன்னா கடைக்குன்னு நினைச்சுக்குவா."

பிறகுதான் மாற்று சிறுநீரகப் பேச்சு வந்தது. சித்திக்கு ரத்த குரூப் சேரவில்லை. எங்கப்பாவுக்கும் சர்க்கரை. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. தூக்கி வளர்த்த அண்ணன் மகன் நான் ஒருத்தன்தான். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு பத்திரிகையில் சப்-எடிட்டராகச் சேர்ந்த புதிது.

என்னை யாரும் கேட்கவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். யாருமே கேட்கவில்லை. ஆனால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்தப்பாவும் நானும் தனியாக இருந்தபோது நானாகவே சொன்னேன்.

"சட்டத்துல அண்ணன் பையன் குடுக்க முடியாது சித்தப்பா. 1994-ல சட்டம் வந்துடுச்சு. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க. அவ்வளவுதான் நெருங்கின சொந்தம்."

சித்தப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா? சரிப்பா" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்து, "ராத்திரி பஸ்ஸுக்கு வச்சுக்க" என்று கையில் திணித்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவர்களும் பாசத்தின் பேரில் உறுப்பு கொடுக்கலாம், அனுமதிக் குழு விசாரித்து ஒப்புதல் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்புதான் அதைப் பற்றிய செய்தியை எடிட் செய்திருந்தேன். அனுமதிக் குழு பற்றிய பாராவை, இடம் போதவில்லை என்று வெட்டியதே நான்தான்.

2005-ல் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டிய ஒரு விடியற்காலை. ஊரெல்லாம் 'கிட்னியில போயிட்டார்' என்றது. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது.

*

பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் படிக்க ஆரம்பித்துவிடுவேன். 140 என்ற எண் கையில் கிடைத்த அன்றிலிருந்து ராத்திரி ராத்திரியாகச் சிறுநீரகத்தைப் பற்றித்தான் படிக்கிறேன்.

ஒரு காமர்ஸ்காரனாகச் சொல்கிறேன், இதைவிடக் கறாரான கணக்குப்பிள்ளை உடம்பில் வேறு கிடையாது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒரு நாளைக்கு எல்லாமாகச் சேர்த்து 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கின்றன. அதில் வேண்டியதையெல்லாம் எண்ணி எண்ணித் திரும்ப உள்ளே வரவு வைத்துவிட்டு, கடைசியில் ஒன்றரை லிட்டர் வாக்கில் வெளியே தள்ளுகின்றன. ஆல்புமின் என்கிற புரதம் மாதிரியான பெரிய சரக்கு வெளியே போகவே கூடாது. போனால், கிடங்குக் கதவில் ஓட்டை என்று அர்த்தம். என் டப்பாவில் இருந்த நுரை, அந்த ஓட்டைதான்.

இதை முதலில் ஒழுங்காகக் கவனித்துச் சொன்னவர் ரிச்சர்ட் பிரைட். லண்டன் கைஸ் மருத்துவமனை டாக்டர். உடம்பு வீங்கி வருகிறவர்களின் சிறுநீரை ஒரு ஸ்பூனில் எடுத்து மெழுகுவத்தித் தீயில் காட்டுவார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறையும். அந்த நோயாளிகள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கும். வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்ட சிறுநீரகம் மூன்றையும் ஒரே நோயாக முடிச்சுப் போட்டு 1827-ல் புத்தகம் எழுதினார். நெடுங்காலம் இந்த நோய்க்கே 'பிரைட் வியாதி' என்றுதான் பெயர்.

ஸ்பூனில் உறைகிற அளவுக்குப் புரதம் போகிறதென்றால் ஏற்கெனவே நஷ்டம் முற்றிவிட்டது. அதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியாதா? 1963-ல் அதே கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாரி கீனும் அவருடைய சகாவும், மிக மிகக் கொஞ்சமாகப் போகிற ஆல்புமினையும் அளக்க வழி சொன்னார்கள். 1984-ல் டென்மார்க் டாக்டர் மோகென்சன் அடுத்த அடியை எடுத்து வைத்தார். நடுத்தர வயதில் வருகிற சர்க்கரை நோயில், இந்தத் துளியூண்டு கசிவு இருப்பவர்களுக்குத்தான் பின்னால் பெரிய சேதம் வருகிறது. சீக்கிரம் சாகிறவர்களும் அவர்கள்தான் என்று காட்டினார்.

அப்படியென்றால், எல்லோரும் நம்புகிற கிரியேட்டினின்? அது தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் பாதி வேலையை இழக்கும் வரைக்கும் அந்த எண் பெரும்பாலும் நார்மலாகவே நிற்கும். கடன் சொல்லிக்கொண்டு சிரித்தபடி வருகிற ஆசாமி. கணக்கு முடிக்கிற அன்றைக்குத்தான் மூஞ்சி தெரியும்.

ஏன் இப்படி? பாஸ்டனில் பாரி பிரென்னர் என்ற விஞ்ஞானியின் குழு 1980-களின் தொடக்கத்தில் எலிகளை வைத்து அதைப் பார்த்தது. சிறுநீரகத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கிற வடிகட்டிகள் போனவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. அதனால் அவற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. பெருக்கின்றன. கடைசியில் அவையும் தழும்பாகிச் சாகின்றன.

இதைப் புரிந்துகொள்ள நான் எலியிடம் போக வேண்டியதில்லை. எங்கள் நியூஸ் டெஸ்க்கில் எட்டுப் பேர் இருந்தோம். மூன்று பேரை அனுப்பினார்கள். ஐந்து பேர் எட்டுப் பேர் வேலையைச் செய்தோம். பேப்பர் ஒருநாள்கூட லேட்டாகவில்லை. "பாருங்க, என்ன பிரமாதமா சமாளிக்கறாங்க" என்றார் மேலே இருந்தவர். ஆறாவது மாதம் ஒருவருக்கு பிபி, இன்னொருவர் ராஜினாமா. சர்க்கரை நோயின் ஆரம்பத்திலும் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டுகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் பிரமாதம் என்றுதான் தோன்றும்.

*

டாக்டர் எனக்கு இரண்டு மாத்திரைகள் கொடுத்தார். இரண்டுக்கும் பின்னால் கதை இருக்கிறது.

முதல் மாத்திரையின் கதை ஒரு பாம்பிலிருந்து தொடங்குகிறது. பிரேசிலில் ஜராராகா என்றொரு விரியன். அது கடித்தால் ரத்த அழுத்தம் தடாலென்று விழும். அந்த விஷத்தில் இருக்கிற ஒரு பொருளைப் பிரித்து 1965-ல் எழுதினார் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி. அதை லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து நூல் பிடித்து, அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இருவர் வாயால் சாப்பிடக்கூடிய மாத்திரை செய்தார்கள். கேப்டோப்ரில். 1981-ல் விற்பனைக்கு வந்தது, ரத்த அழுத்த மாத்திரையாக.

வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறுகிற குழாயை இந்த வகை மாத்திரை கொஞ்சம் தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அதாவது, டெஸ்க்கில் இருக்கிற ஐந்து பேருக்கு வேலைச்சுமையைக் குறைக்கிறது. இது சிறுநீரகத்தைக் காக்குமா என்று இளம் வயதிலேயே சர்க்கரை வந்த 409 பேரிடம் சோதித்து, 1993-ல் முடிவு சொன்னார்கள். மரணம், டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குப் போகிற ஆபத்து பாதியாகக் குறைந்தது. சித்தப்பாவுக்கு இருந்த ரகச் சர்க்கரைக்கும் இதே வழியில் வேலை செய்கிற லோசார்டான் மாதிரியான மாத்திரைகள் பலன் தருகின்றன என்பது 2001-ல் உறுதியாயிற்று. என் முதல் மாத்திரை, அந்த லோசார்டான் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த வருடங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சர்க்கரை வந்தது 1988. துளிக் கசிவுதான் முதல் எச்சரிக்கை என்று தெரிந்தது அதற்கும் நான்கு வருடம் முன்பு. 1993-ல் வழி தெரிந்தது. 2001-ல் சந்தேகமும் தீர்ந்தது. கால் வீங்கியது 2003. இடைப்பட்ட பதினைந்து வருடத்தில் சித்தப்பாவின் சிறுநீரில் சர்க்கரையைத்தான் நீலத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். புரதம் போகிறதா என்று ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. இந்த வகை பிபி மாத்திரை எதிர் மெடிக்கலிலேயே இருந்திருக்கும். அவர் வலி மாத்திரை வாங்கிய அதே கடை.

அவருக்கு என் சிறுநீரகம் தேவைப்படாமலே போயிருக்கலாம். இருபது வருடமாக நான் சுமந்தது 2003-ம் வருடத்துச் சனிக்கிழமையை மட்டும்தான். அதற்கு முன்னால் பதினைந்து வருடச் சனிக்கிழமைகள் இருந்தன. அது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

சான்றிதழில் ஏன் மாரடைப்பு என்று எழுதினார்கள் என்பதும் இப்போது புரிகிறது. கலிஃபோர்னியாவில் பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவக் குறிப்புகளை அலசி 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஒவ்வொரு படியாகக் குறையக் குறைய, இதய நோயும் மரணமும் படிப்படியாக ஏறுகின்றன. சிறுநீரகம் கெட்டவர்களில் நிறையப் பேர் டயாலிசிஸ் வரைக்கும் போவதே இல்லை. அதற்கு முன்பே இதயம் நின்றுவிடுகிறது. இரண்டும் வேறு வேறு கடை என்று நாம் நினைக்கிறோம். பேரேடு ஒன்றுதான்.

சித்தப்பா போட்டுக்கொண்ட ஊசிக்கும் ஒரு கதை உண்டு. ரத்தம் ஊறச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுகிற எரித்ரோபாய்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெட்டால் ரத்தசோகை வருவது அதனால்தான். அதைத் தனியாகப் பிரித்தெடுக்க சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசர் இருபது வருடம் போராடினார். கடைசியில் ஜப்பானிலிருந்து மியாகே என்ற டாக்டர், ரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரை வற்றவைத்த பொட்டலத்தோடு வந்து நின்றார். அதிலிருந்து அவர்களுக்குத் தேறியது 8 மில்லிகிராம். 1977-ல் அதை வெளியிட்டார்கள். 1989-ல் ஊசி வந்தது. வரிசைகட்டி நின்ற இருபது டப்பாக்களைப் பார்த்து முகம் சுளித்தேனே, அதற்காக வெட்கப்பட்டேன்.

அந்த ஊசியை ஏகமாகப் போட்டு ரத்தத்தை ஆரோக்கியமானவர்கள் அளவுக்கே ஏற்றிவிடலாம் என்று முயன்றபோது, இதயக் கோளாறு கூடியது என்று 2006-ல் தெரிந்தது. ஆராய்ச்சி என்பது நல்ல செய்தியை மட்டும் கொண்டுவருகிற தபால்காரர் இல்லை.

*

இரண்டாவது மாத்திரை, ஆப்பிள் மரத்தின் பரம்பரை. ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளை 1835-ல் ஐரோப்பிய வேதியியல்காரர்கள் பிரித்தார்கள். 1886-ல் ஃபான் மெரிங் என்ற ஜெர்மானியர், இது உள்ளே போனால் சர்க்கரை சிறுநீரில் வெளியேறிவிடுகிறது என்று கண்டார். வடிந்த சர்க்கரையைச் சிறுநீரகம் திரும்ப வரவு வைக்காமல் இது தடுத்துவிடுகிறது. ஆனால், மருந்தாகக் கொடுத்தால் வயிற்றைக் கலக்கும். நூறு வருடத்துக்கும் மேல் ஆய்வுக்கூட அலமாரியிலேயே கிடந்தது. பிற்பாடு அதன் அமைப்பை மாற்றி மாத்திரை செய்தார்கள்.

இதயத்தைக் கெடுக்கவில்லை என்று நிரூபித்துக் காட்டச் சொன்னது அமெரிக்க அரசு. சோதித்துப் பார்த்தால், 2015-ல் எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை இதய நோய்ச் சாவுகளை 38 சதவிகிதம் குறைத்திருந்தது. கெடுதல் இல்லை என்று காட்டப் போனவர்களுக்கு லாட்டரி. சிறுநீரகத்தையும் காக்கிறது என்பது 2019-ல் உறுதியாயிற்று. 2020-ல் 4,304 பேரிடம் நடத்திய ஆய்வில், சர்க்கரையே இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்த வகை மாத்திரை பலன் தந்தது.

இதில் ஒரு காமர்ஸ் விஷயமும் இருக்கிறது. எம்பாக்ளிஃப்ளோசின் நம்மூரில் அறுபது ரூபாய் வாக்கில் விற்றது, ஒரு மாத்திரை. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் நம் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. மருந்துக்கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு நின்றபோது, காப்புரிமைச் சட்டம் பற்றிப் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

எனக்காவது காரணம் தெரியும், மாத்திரை இருக்கிறது. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகள், எல் சால்வடோர் கரும்புத் தோட்டக் கூலிகள், ஆந்திராவின் உத்தானம் கிராமத்தார் ஆகியோருக்குச் சர்க்கரையும் இல்லாமல், பிபியும் இல்லாமல் சிறுநீரகம் கெடுகிறது. தண்ணீரா, பூச்சிமருந்தா, வெயிலில் குனிந்து உழைப்பதா? விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பை வருத்துபவர்களின் கணக்குதான் எப்போதும் கடைசியில் தணிக்கைக்கு வருகிறது.

சென்னை சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே.மணி எழுதியதைப் படித்தபோதுதான் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டயாலிசிஸும் மாற்று சிறுநீரகமும் நம் ஜனங்கள் எல்லோருக்கும் கொடுத்து மாளாது, வராமல் தடுப்பதுதான் வழி என்று 1990-களிலேயே சென்னையை ஒட்டிய கிராமங்களில் ஒரு திட்டம் தொடங்கினார். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். சில கேள்விகள், ரத்த அழுத்தம், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும். கோளாறு இருப்பவர்களுக்கு இருப்பதிலேயே மலிவான மாத்திரைகள். ஊரில் தலைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால், வருடத்துக்கு ஆன செலவு அற்பம். 2003-ல் இதை உலகச் சிறுநீரக மருத்துவர்கள் படிக்கிற இதழில் எழுதினார். எங்கள் சித்தப்பாவின் செருப்பு நுழையாமல் போன அதே 2003.

நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 2023-ல் சிறுநீரில் புரதம் பார்க்கிற திட்டம் தொடங்கியிருக்கிறது. ஒரு சின்னப் பட்டையை நனைத்தால் நிறம் மாறும். பிரைட்டின் ஸ்பூனுக்கும் மெழுகுவத்திக்கும் பேரன் அது. உங்களுக்குச் சர்க்கரையோ பிபியோ இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை அந்த டப்பாவைக் கையில் வாங்கத் தயங்காதீர்கள். 'கிரியேட்டினின் நார்மல்' என்றதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

*

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு போன் போட்டேன். சித்திக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

ரிப்போர்ட்டைச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். அப்புறம், இருபத்து சொச்சம் வருடமாகச் சொல்லாத அந்தச் சனிக்கிழமையையும் சொன்னேன். சட்டத்தில் எனக்கு வழி இருந்தது, தெரிந்தேதான் மறைத்தேன் என்று.

எதிர்முனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அந்தக் கமிட்டி விஷயமா? அது நீ வர்றதுக்கு முந்தியே டாக்டர் அவருகிட்ட சொல்லிட்டாரே."

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'பையன் பயந்து போயிருக்கான், நீ எதுவும் கேட்டு வைக்காத'ன்னாரு. நீ தர்றேன்னாலும் வாங்கியிருக்க மாட்டாருப்பா. உனக்கு வயசென்ன அப்ப?"

எனக்குக் குரல் வரவில்லை.

"ஆனா..." என்று நிறுத்திவிட்டுச் சித்தி சொன்னார். "ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம். அவரு வேணாம்னு சொல்லிட்டு சந்தோஷமா இருந்திருப்பாரு."

அதற்குப் பதில் எந்த ஆராய்ச்சியிலும் கிடையாது. நான் தேடவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, உங்களுக்குத்தான் பிபி இருக்கே. நாளைக்குப் போய் யூரின்ல ஆல்புமின் பார்த்துட்டு வாங்க" என்றேன்.

"எவ்வளவு ஆகும்?"

"சில நூறு ரூபாய் ஆகும். நான் அனுப்பறேன்."

"நீ ஒண்ணும் அனுப்ப வேணாம். கடை வாடகை வருதுல்ல" என்றார். பிறகு, சாதாரணமாக, "மராமத்துக் கணக்குல எழுதிக்கறேன்" என்றார்.